போன போரைத் தடுக்க எழுதிய சட்டம்: அமெரிக்க நடுநிலைச் சட்டங்கள், 1935–1941

"அந்தச் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியதற்காக வருந்துகிறேன். அதில் நான் கையெழுத்திட்டதற்காகவும் அதே அளவுக்கு வருந்துகிறேன்." 1939 செப்டம்பர் 21 அன்று, ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தபோது, அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளுக்கும் முன்னால் நின்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சொன்னது இது. பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் தன் கையெழுத்தைப் பற்றியே இப்படிப் பேசுவது அபூர்வம். அவர் வருந்திய சட்டம் 1935-இல் வந்த நடுநிலைச் சட்டம். 1936, 1937 ஆண்டுகளில் அது மேலும் இறுகியது, 1939-இல் தளர்ந்தது, 1941 நவம்பரில் முக்கால்வாசி கழற்றப்பட்டது. அமெரிக்காவைப் போரிலிருந்து விலக்கி வைப்பது ஒன்றே அதன் நோக்கம். நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. சட்டம் எழுதப்பட்ட விதத்தில்தான் சிக்கல்.

1917-இன் கணக்கு

1917-இல் முதல் உலகப் போரில் சேர்ந்த அமெரிக்கா அதில் இழந்த உயிர்கள் ஏறத்தாழ 1,16,000. ஐரோப்பிய நாடுகளின் இழப்போடு ஒப்பிட்டால் இது சிறிய எண். ஆனால் எதற்காக இழந்தோம் என்ற கேள்விக்கு 1920-களில் அமெரிக்கர்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அன்றைய அதிபர் வில்சன் கொண்டுவந்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தைச் செனட் 1919 நவம்பரில் நிராகரித்தது. 1920 மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு நடந்து, 49-க்கு 35 என்று முடிந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு 7 வாக்கு குறைந்தது. அந்த ஒப்பந்தம் உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. போர்க்காலத்தில் நட்பு நாடுகளுக்குக் கொடுத்த கடனும் திரும்பவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் வந்த பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் தவணையை நிறுத்திவிட்டன, ஒழுங்காகக் கட்டிவந்த ஒரே நாடு என்ற பெயரைப் பின்லாந்து வாங்கிக்கொண்டது. 1934-இல் வந்த ஜான்சன் சட்டம், கடனைத் திருப்பாத அரசுகளுக்குப் புதுக் கடன் கொடுப்பதைத் தடை செய்தது.

இந்தக் காலத்து அமெரிக்காவை "தனித்திருந்த நாடு" என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மைதான். பிலிப்பைன்ஸ் அதன் காலனியாகவே இருந்தது. நிகரகுவாவில் 1933 வரைக்கும், ஹெய்டியில் 1934 வரைக்கும் அமெரிக்கக் கடற்படைவீரர்கள் நின்றார்கள். ஜெர்மனியின் இழப்பீட்டுத் தவணையை 1924-இல் ஒழுங்குபடுத்திய திட்டத்துக்கு அமெரிக்க வங்கியாளர் ஒருவரின் பெயர்தான். ஆக, ஒதுங்கியது உலகத்திலிருந்து என்பதைவிட, ஐரோப்பாவின் சண்டையிலிருந்து என்று சொல்வதே சரி.

செனட்டில் ஒரு விசாரணை

1934 ஏப்ரலில் செனட் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஜெரால்ட் நை. அவர் குடியரசுக் கட்சிக்காரர். செனட்டில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கி, ஆயுதத் தொழிலை விசாரிக்க அனுப்பினார்கள் என்றால், கோபம் கட்சி தாண்டியது என்று புரிந்துகொள்ளலாம். இந்த விசாரணையைக் கேட்டு செனட்டர்களின் அறை அறையாக ஏறி இறங்கியவர், பெண்கள் அமைதி இயக்கத்தைச் சேர்ந்த டொரோத்தி டெட்சர். நையைச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

இரண்டு ஆண்டுகளில் 93 அமர்வுகள், 200-க்கும் மேற்பட்ட சாட்சிகள். வெடிமருந்துத் தொழிலின் டூபான்ட் சகோதரர்கள் வந்தார்கள், வங்கியாளர் ஜே.பி. மார்கன் வந்தார். தென் அமெரிக்க அதிகாரிகளுக்கு ஆயுத விற்பனையாளர்கள் கொடுத்த லஞ்சம் வெளியே வந்தது. கப்பல் கட்டும் நிறுவனங்கள் டெண்டரில் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டதும் தெரிந்தது. அமெரிக்கா போரில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்கப் பணம் கடனாக பிரிட்டனுக்கும் அதன் நட்பு நாடுகளுக்கும் சுமார் 230 கோடி டாலர் போயிருக்கிறது, ஜெர்மனிக்கோ 2.7 கோடிதான் என்ற கணக்கு செய்தித்தாள்களில் தலைப்புச் செய்தியானது.

லாபம் சம்பாதித்தார்கள் என்பதை நை குழு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. அந்த லாபத்துக்காகத்தான் வில்சன் போருக்குப் போனார் என்பதைக் காட்டவில்லை. ஆனால் முதல் பாதி அவ்வளவு பலமாக இருந்ததால், இரண்டாம் பாதியை மக்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். 1937-இல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டபோது, போரில் சேர்ந்தது தவறு என்று சொன்னவர்கள் பாதிக்கும் மேல். 1936 தொடக்கத்தில் நை, வில்சன் பொய் சொன்னார் என்கிற அளவுக்குப் போனதும் ஜனநாயகக் கட்சியின் மூத்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். வர்ஜீனியாவின் கார்ட்டர் கிளாஸ் மேசையைக் குத்திய குத்தில் கைமுட்டியில் ரத்தம் வந்ததாம். விசாரணைக்குப் பணம் நின்றது. அதற்குள் சட்டம் வந்துவிட்டிருந்தது.

சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் 1914–17-இன் ஏதோ ஒரு சம்பவத்துக்குப் பதில். ஆயுத வியாபாரம் நாட்டைப் போருக்குள் இழுத்ததா? அப்படியானால் போர் புரியும் எந்த நாட்டுக்கும் ஆயுதம் விற்கக் கூடாது. 1915-இல் பிரிட்டிஷ் கப்பலான லூசிடானியாவை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்து 128 அமெரிக்கர்கள் இறந்தது பகையை வளர்த்ததா? போரிடும் நாட்டுக் கப்பலில் போகும் அமெரிக்கர், தன் உயிருக்குத் தானே பொறுப்பு. 1937-இல் அதுவும் போதாதென்று பயணத்தையே தடை செய்தார்கள். கடன் சிக்கவைத்ததா? 1936 பிப்ரவரி 29-இல் சேர்த்த திருத்தம், போரிடும் அரசுகளுக்குக் கடன் கொடுப்பதையும் அவற்றின் பத்திரங்களை வாங்குவதையும் தடுத்தது. ஒருவர் 1917-க்குத் திரும்பிப் போய் கதவுகளை ஒவ்வொன்றாகத் தாழிட்டது போன்ற வரைவு.

ரூஸ்வெல்ட் ஏன் கையெழுத்திட்டார்

யார் தாக்கியவர், யார் தாக்கப்பட்டவர் என்று பார்த்து ஒரு பக்கத்துக்கு மட்டும் தடை விதிக்கும் அதிகாரம் அதிபருக்கு வேண்டும் என்பதே ரூஸ்வெல்ட் அரசின் விருப்பம். செனட் மறுத்தது. தடை கட்டாயம், இரு பக்கத்துக்கும் ஒன்றுபோல், அதிபருக்குத் தேர்வு இல்லை. 1935 ஆகஸ்ட் 31-இல் கையெழுத்திடும்போதே, வளைந்துகொடுக்காத விதிகள் நம்மைப் போருக்கு வெளியே வைப்பதற்குப் பதிலாக உள்ளே இழுத்துவிடக்கூடும் என்று அறிக்கையில் எழுதினார். அப்புறம் ஏன் கையெழுத்து?

பதில் வெளியுறவில் இல்லை, உள்நாட்டில் இருக்கிறது. அதே ஆகஸ்ட் 14-இல்தான் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய மாதம் தொழிற்சங்க உரிமைச் சட்டம். பெருமந்தத்தில் நொறுங்கிக் கிடந்த நாட்டில் இவைதான் அவருடைய அரசியல் உயிர்நாடி. இந்தச் சீர்திருத்தங்களுக்குத் துணைநின்றவர்களில் மத்திய மேற்கின் முற்போக்குச் செனட்டர்கள் முக்கியமானவர்கள். பெருமுதலாளிகளை நம்பாத அந்தக் கூட்டம்தான் ஆயுத முதலாளிகளையும் நம்பாத கூட்டம். நடுநிலைச் சட்டம் வராவிட்டால் மற்ற மசோதாக்களையும் பேசிப் பேசியே முடக்குவோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். ரூஸ்வெல்ட் கணக்குப் போட்டார்: சட்டத்துக்கு ஆயுள் ஆறு மாதம், தேர்தலுக்கு ஓராண்டு. விட்டுக்கொடுத்தார். ஒதுங்கியிருக்கச் சொன்னவர்களைப் பழமைவாதிகள் என்று இன்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 1935-இல் அந்தக் குரலின் மையம் இடதுசாரிச் சாய்வுள்ளது. சோஷலிஸ்ட் கட்சியின் நார்மன் தாமஸும் அந்தப் பக்கம்தான்.

எத்தியோப்பியா, ஸ்பெயின்

மை காய்ந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1935 அக்டோபர் 3-இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. ரூஸ்வெல்ட் 5-ஆம் தேதியே சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார். ஆயுதம் இரு தரப்புக்கும் இல்லை. இத்தாலி தன் ஆயுதத்தைத் தானே செய்துகொள்ளும் நாடு. அதற்கு வேண்டியது எண்ணெய், லாரி, பழைய இரும்பு. இவை எதுவும் தடைப் பட்டியலில் இல்லை. வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல், இப்பொருள்களின் வியாபாரம் சட்டத்தின் உணர்வுக்கு எதிரானது என்று நவம்பரில் அறிக்கை விட்டுப் பார்த்தார். உணர்வைக் காட்டி எண்ணெய்க் கப்பலை நிறுத்த முடியாது. ஏற்றுமதி கூடியது. அமெரிக்க எண்ணெய் போய்க்கொண்டிருக்கும்போது நாங்கள் மட்டும் நிறுத்தி என்ன பயன் என்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக்கும் எண்ணெய்த் தடையைத் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்தது. 1936 மே 5-இல் அடிஸ் அபாபா விழுந்தது.

ஸ்பெயின் கதை இன்னும் கசப்பானது. 1936 ஜூலையில் ஃபிராங்கோ உள்ளிட்ட தளபதிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். நடுநிலைச் சட்டம் நாடுகளுக்கு இடையிலான போரைப் பற்றியது, உள்நாட்டுப் போர் அதில் இல்லை. எனவே வாஷிங்டன் "தார்மீகத் தடை" என்று ஒன்றைச் சொல்லி, யாரும் விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. டிசம்பரில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ராபர்ட் கூஸ் என்ற வியாபாரி, குடியரசுக்கு 27 லட்சம் டாலருக்கும் மேலான விமானங்களும் இயந்திரங்களும் அனுப்ப உரிமம் கேட்டார். உரிமம் கொடுக்கும் அதிகாரிகளுக்கு மறுக்க அதிகாரம் இல்லை. கொடுத்துவிட்டு அவரைக் கண்டித்தார்கள்.

காங்கிரஸ் 1937 ஜனவரியில் கூடியதும் முதல் வேலையாக ஸ்பெயினுக்கென்றே தனித் தடைத் தீர்மானம். செனட்டில் 81-க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 406-க்கு 1. எதிர்த்த ஒரே ஒருவர் மினசோட்டாவின் ஜான் பெர்னார்ட். நியூயார்க் துறைமுகத்தில் மார் கான்டாப்ரிகோ என்ற கப்பல் அவசர அவசரமாகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. தீர்மானம் நடைமுறைக்கு வருவதற்குள், ஏற்றிய அளவுக்கு ஏற்றிக்கொண்டு ஜனவரி 6-இல் கிளம்பியும் விட்டது. மார்ச்சில் ஸ்பெயின் கரையை நெருங்கும்போது ஃபிராங்கோவின் போர்க்கப்பல் அதைப் பிடித்தது. குடியரசு காசு கொடுத்து வாங்கிய சரக்கு எதிரியின் கையில்.

ஃபிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானம், பீரங்கி, ஆள் என எல்லாம் அனுப்பினார்கள். எண்ணெயை அமெரிக்க நிறுவனமான டெக்ஸாக்கோ கடனுக்கே கொடுத்தது. கடன் கொடுத்ததுதான் சட்டப்படி குற்றம், எண்ணெய் விற்றது அல்ல. ஓர் அபராதத்தோடு அது முடிந்தது. 1938 மே மாதம் ஸ்பெயின் மீதான தடையை நீக்கச் சொல்லிச் செனட்டில் தீர்மானம் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ஜெரால்ட் நை. இரு பக்கத்தையும் சமமாக நடத்தும் தடை, ஒரு பக்கத்தின் கழுத்தை மட்டும் நெரிப்பதை அவரே பார்த்துவிட்டார். வெளியுறவுக் குழு அதைக் கிடப்பில் போட்டது. இந்த விவகாரத்தில் நையின் மீது எனக்கு மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான்.

போர் என்று சொல்லாத போர்

1937 மே 1-இல் சட்டம் நிரந்தரமானது. ஆயுதம் அல்லாத பொருள்களுக்குப் புது ஏற்பாடு ஒன்றையும் சேர்த்தார்கள்: போரிடும் நாடு ரொக்கம் கட்டி, தன் கப்பலிலேயே எடுத்துப் போக வேண்டும் என்று அதிபர் உத்தரவிடலாம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கையில் காசு, வாயில் தோசை. யோசனை நிதியாளர் பெர்னார்ட் பரூக்குடையது. இந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். காசும் கப்பலும் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே இது சாதகம். அட்லாண்டிக்கில் அது பிரிட்டன், பசிபிக்கில் ஜப்பான்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 7-இல், பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் சண்டை மூண்டு முழுப் போராக விரிந்தது. ஜப்பானும் சீனாவும் போர் அறிவிக்கவில்லை. ரூஸ்வெல்ட் அதைப் பிடித்துக்கொண்டார். போர் நடக்கிறது என்று அதிபர் பிரகடனம் செய்தால்தான் சட்டம் வேலை செய்யும். அவர் செய்யவில்லை. செய்திருந்தால் கப்பலும் காசும் இல்லாத சீனா நசுங்கியிருக்கும். ஆனால் செய்யாததால், எண்ணெயும் பழைய இரும்பும் ஜப்பானுக்குத் தடையில்லாமல் போயின. எத்தியோப்பியாவில் சட்டத்தைப் பயன்படுத்தியது ஒரு தவறு என்றால், இங்கே பயன்படுத்தாததும் நல்ல வழி இல்லை. இருந்ததில் கெடுதல் குறைந்தது, அவ்வளவே.

டிசம்பர் 12-இல் யாங்சி ஆற்றில் அமெரிக்கப் போர்ப்படகு பனாயை ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தன. அமெரிக்காவில் எழுந்த கேள்வி, எப்படிப் பதிலடி கொடுப்பது என்பதைவிட, நம் படகு அங்கே எதற்குப் போனது என்பதாக இருந்தது. நாட்டின் மீது நேரடித் தாக்குதல் நடந்தால் ஒழிய, பொது வாக்கெடுப்பு இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது என்று இந்தியானாவின் லூயிஸ் லட்லோ கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம், 1938 ஜனவரியில் 188-க்கு 209 என்ற வாக்கில்தான் விவாதத்துக்கே வராமல் நின்றது. 11 பேர் மாறியிருந்தால் விவாதம் நடந்திருக்கும்.

1939 ஜூலை 18

ஹிட்லர் செக் தலைநகரான பிராகாவுக்குள் நுழைந்த பிறகு, ஆயுதத் தடையை நீக்க ரூஸ்வெல்ட் முயன்றார். பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்க ஆயுதம் வாங்கும் என்று தெரிந்தால் ஹிட்லர் யோசிப்பார் என்பது வாதம். ஜூலை 11-இல் செனட் வெளியுறவுக் குழு 12-க்கு 11 என்று அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியது. அந்த 12-இல் இருவர் ஜார்ஜியாவின் வால்டர் ஜார்ஜ், அயோவாவின் கை ஜில்லட். இருவரும் ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சி. முந்தைய ஆண்டு கட்சிக்குள் இவர்களைத் தோற்கடிக்க அதிபர் தரப்பு வேலை செய்திருந்தது. உலக அரசியலின் திருப்பங்களில் உள்கட்சிப் பகைக்கு இருக்கும் பங்கை வரலாற்று நூல்கள் போதுமான அளவு எழுதுவதில்லை.

ஒரு வாரம் கழித்து வெள்ளை மாளிகையில் இரவுக் கூட்டம். போர் நெருங்குகிறது, தந்திகளைப் பாருங்கள் என்றார் ஹல். செனட்டர் வில்லியம் போரா, இந்த ஆண்டு ஐரோப்பாவில் போர் வராது, வெளியுறவுத் துறையைவிட நல்ல தகவல் என்னிடம் இருக்கிறது என்றார். கடைசியில் துணை அதிபர் கார்னர், உங்களுக்கு வாக்கு இல்லை, விஷயம் அவ்வளவுதான் என்று ரூஸ்வெல்ட்டிடம் முகத்துக்கு நேரே சொல்லி முடித்தார். போலந்து மீது படையெடுப்பு நடந்தது ஆறரை வாரத்தில்.

கழற்றிய விதம்

செப்டம்பர் 5-இல் ரூஸ்வெல்ட் சட்டத்தை அமல்படுத்த வேண்டியதாயிற்று. பிரிட்டனும் பிரான்ஸும் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்த விமானங்கள் அப்படியே நின்றன. அதன் பிறகுதான் அந்த வருத்த உரை. நவம்பர் 4-இல் புதுச் சட்டம்: ஆயுதத்தையும் ரொக்கத்துக்கு விற்கலாம், ஆனால் அமெரிக்கக் கப்பல்கள் போர்ப் பகுதிக்குள் போகவே கூடாது. கடலில் போகும் உரிமைக்காக வில்சன் போருக்குப் போனார். அந்த உரிமையை 1939-இல் காங்கிரஸ் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டது.

விற்ற பொருளை அமெரிக்கர் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்ற விதி சில வேடிக்கைகளை உண்டாக்கியது. பிரிட்டனுக்கான விமானத்தை அமெரிக்க விமானி கனடாவுக்குள் ஓட்டிப் போக முடியாது. எனவே 1940 தொடக்கத்தில், எல்லையை ஒட்டிய வயல்வெளியில் இறக்கி, குதிரை பூட்டிக் கயிறு கட்டி இழுத்து எல்லை தாண்டவைத்தார்கள். இது நடந்த இடங்களில் ஒன்று பெம்பினா. நையின் வடக்கு டகோட்டாதான்.

1940 இறுதியில் பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. கடன் கொடுக்கவோ ஜான்சன் சட்டம், நடுநிலைச் சட்டம் என இரண்டு சட்டங்கள் குறுக்கே நின்றன. சரி, பணத்தை விட்டுவிடுவோம், பொருளையே இரவல் கொடுப்போம் என்று வந்ததுதான் 1941 மார்ச் 11-இன் கடன்–குத்தகைச் சட்டம். முதல் ஒதுக்கீடு 700 கோடி டாலர். பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதாவுக்கு 1776 என்ற எண் கொடுத்தார்கள், சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு.

இரவல் கொடுத்த பொருள் கடலில் மூழ்கினால்? அமெரிக்கப் போர்க்கப்பல்கள் துணைக்குப் போகத் தொடங்கின. 1941 செப்டம்பர் 4-இல் கிரீர் என்ற போர்க்கப்பல் மீது ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ ஏவியது. 11-ஆம் தேதி வானொலியில் ரூஸ்வெல்ட் இதைக் கடற்கொள்ளை என்றார். கிரீர் அந்த நீர்மூழ்கியை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து பிரிட்டிஷ் விமானத்துக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் சொல்லவில்லை. அதிபர்கள் நம்மைச் சொல்லாமல் போருக்குள் தள்ளிவிடுவார்கள் என்பதுதானே நை தரப்பின் அடிப்படைச் சந்தேகம்? அந்தச் சந்தேகம் வெறும் பிரமை இல்லை. எதிரியை ரூஸ்வெல்ட் சரியாகவே அடையாளம் கண்டார் என்பது இந்த உரையை நேர்மையாக்கிவிடாது.

அக்டோபர் 31-இல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கி நூறு பேர் அளவில் இறந்தார்கள். அதற்குப் பிறகும், வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்தவும் அவை போர்ப் பகுதிக்குள் போகவும் அனுமதிக்கும் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 212-க்கு 194 என்றுதான் தேறியது. கையெழுத்து நவம்பர் 17. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பானின் தாக்குதல் அதற்கு 20 நாள் கழித்து. அன்று நை பிட்ஸ்பர்க்கில் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் பேச வந்திருந்தார். செய்தி கிடைத்த பிறகும் பேசினார். 1944 தேர்தலில் தோற்றார்.

தவறு எங்கே

ஒதுங்கியிருந்ததால்தான் இரண்டாம் போர் வந்தது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 1939-இல் சுமார் 1.9 லட்சம் பேர் கொண்ட ராணுவத்தை வைத்திருந்த நாடு, சட்டம் இல்லாமலே இருந்திருந்தாலும் ஹிட்லரை எவ்வளவு பயமுறுத்தியிருக்கும்? சட்டத்தின் குறை வேறு. இரு பக்கத்துக்கும் ஒரே விதி என்றால் இரு பக்கத்துக்கும் ஒரே விளைவு என்று அது நம்பியது. ஆயுதத் தொழிற்சாலை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஆயுதத் தடை ஒன்றாக இருக்க முடியாது. இதோடு, எந்த நாடு எப்போது படையெடுத்தாலும் அமெரிக்கா என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அச்சடித்து விநியோகித்துவிட்டது. படையெடுக்கத் திட்டமிடுபவருக்கு இதைவிட வசதி வேண்டாம். அதிபரை நம்ப முடியவில்லை என்றால் அவரைக் காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக யாருமே முடிவெடுக்க வேண்டாத ஒரு சட்டத்தை எழுதியது.

1935 சட்டத்தில் யாரும் பெரிதாகச் சண்டை போடாத ஒரு பிரிவு இருந்தது. ஆயுதம் செய்பவர்களும் ஏற்றுமதி செய்பவர்களும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் உரிமம் வாங்க வேண்டும் என்பது அது. ராபர்ட் கூஸுக்கு உரிமத்தை மறுக்க முடியாமல் கொடுத்தது அந்தப் பிரிவின் கீழ்தான். தடைகள் எல்லாம் போன பிறகும் அந்த உரிம முறை போகவில்லை. 1954-இல் வேறு சட்டத்துக்குள் மாறியது, 1976-இன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. இன்று அமெரிக்காவிலிருந்து ஒரு நிறுவனம் போர்த் தளவாடத்தை வெளிநாட்டுக்கு விற்க வேண்டுமானால் அந்த முறைப்படிதான் விண்ணப்பிக்கிறது. ஒரு வித்தியாசம்: இப்போது மறுக்கும் அதிகாரம் உண்டு.